குடும்பச் சூழ்நிலை காரணமாக

மில்லில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பினால் இப்போது எனக்குப் போன் வருகிறது. கெங்குவார்பட்டியிலிருந்து ஒருத்தி கூப்பிடுகிறாள், ஆண்டிபட்டியிலிருந்து ஒருத்தி கூப்பிடுகிறாள். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்யட்டும் என்று கேட்கிறார்கள். எதிலும் கையெழுத்துப் போடாதே என்கிறேன். வெள்ளைத்தாளை நீட்டினால் வாங்காதே. வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல். கேட்பதற்கு வீட்டில் ஆளே இல்லாவிட்டாலும் அதையே சொல். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர் எல்லாவற்றையும் இன்றைக்கே போட்டோ எடுத்து இன்னொருத்தர் போனுக்கு அனுப்பிவிடு. திரும்ப எடுப்போம் என்று வாயால் சொன்னால் அதை எழுதிக் கேள். எழுத மாட்டார்கள், அப்போது உனக்கே புரியும். சேதி தெரிந்த அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடு.

இவ்வளவும் சொல்வேன். ஒங்களுக்கு எம்புட்டு விசயம் தெரியுதுக்கா என்பார்கள். எப்படித் தெரிந்தது என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் போனை வைத்திருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தேனிக்கு வெளியே ஒரு நூல் மில்லில் பதினெட்டு வருசம் வேலை பார்த்தேன். கோன் செக்சன். சின்னக் குழல்களில் வரும் நூலைப் பெரிய கோனில் சுற்றுகிற இடம். கடைசி ஏழு வருசம் அங்கே நான் சூப்பர்வைசர். எங்கள் ஊர் பண்ணைப்புரத்துக்குப் பக்கம். காலை ஆறு மணிக்கு மில் வேன் வரும். அதில் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் போவோம். மற்ற பதினோரு பேரையும் மில்லில் சேர்த்துவிட்டது நான்தான்.

எங்கள் பக்கத்து மில்களில் ஆள் எடுப்பது அப்படித்தான். ஆள் வேண்டுமென்றால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, ஊரில் சொல்லிக் கூட்டிட்டு வாங்க என்பார்கள். கூட்டிவந்தால் அந்த ஆளுக்கு நாம்தான் பொறுப்பு. ஒருத்தி சொல்லாமல் லீவு போட்டால் என்னைத்தான் கேட்பார்கள். ஒருத்தி வேன் டிரைவரிடம் ரெண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டால் அவள் அம்மா என் வாசலில் வந்து நிற்பாள். எனக்கு அது எரிச்சலாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும். வேனில் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு என்னுடையது. நான் லீவு போட்டாலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. ஒரே வளவில் எதிரெதிர் வீடு, நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். கல்யாணமாகி வந்த மறு வருசமே அவளை நான் மில்லுக்குக் கூட்டிப்போனேன். ஆறு வருசம் என் கண் முன்னால் வேலை பார்த்தாள். கோனில் நூல் அறுந்தால் அவள் முடிச்சுப் போடுகிற வேகத்துக்கு இன்னொருத்தி கிடையாது.

ஆள் குறைப்பு திடீரென்று வராது. முதலில் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, நின்றது. அடுத்து இரண்டு மெஷினுக்குப் பாலிதீன் கவர் போட்டு மூடினார்கள். பஞ்சு லாரி வருவது குறைந்தது. கேண்டீனில் சாயங்கால வடை நின்றது. நாங்கள் வடை நின்றதைப் பற்றித்தான் பேசினோம். லாரி வராததைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அதைப் பேசினால் அடுத்தது எதைப் பேச வேண்டிவரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒருநாள் மேனேஜர் என்னை ரூமுக்குக் கூப்பிட்டு உட்காருங்கம்மா என்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், மெதுவாகப் பேசுவார். பதினெட்டு வருசத்தில் அந்த ரூமில் நான் உட்கார்ந்ததே இல்லை. மரியாதை தருகிறார் என்று நினைத்து உட்கார்ந்தேன். இப்போது நினைத்தால் அந்த நாற்காலியை எட்டி உதைக்கலாம் போல இருக்கிறது.

செக்சனைப் பாதியாகக் குறைக்கிறோம், உங்கள் வேனையும் அதில் வருகிற பதினோரு பேரையும் நிறுத்துகிறோம் என்றார். மில் தானாக வெளியே அனுப்பினால் அது ஆட்குறைப்பு என்று பதிவாகும், வேறு மில்லில் எடுக்க யோசிப்பார்கள், அவர்களே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லபடியாகப் போன மாதிரி இருக்கும், ஆர்டர் வந்ததும் முதலில் அவர்களைத்தான் கூப்பிடுவோம் என்றார். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், கூட்டிவந்தது நீங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார். கடைசியில், "நீங்க இருப்பீங்கம்மா. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. முன்னால் ஒரு தடவை கேட் மீட்டிங்கில் யூனியன்காரர் ஒருவர், நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டால் ஆட்குறைப்புக்கு உண்டான இழப்பீட்டைக் கேட்க முடியாது என்று மைக்கில் தொண்டை கிழியச் சொன்னார். வேனுக்குக் காத்திருந்த நேரத்தில் என் காதில் அது தெளிவாக விழுந்தது. மேனேஜர் பேசும்போது அது ஞாபகம் வரவும் செய்தது. மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான், வீட்டுக்காரருக்குச் சின்னமனூர் வாழைத்தார் மண்டியில் நிலையான வேலை இல்லை, அதனால் ஒத்துக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் நான் மகனை நினைக்கவில்லை. சூப்பர்வைசருக்கு மட்டும் நீலக் கோட்டு கொடுப்பார்கள். அதைக் கழற்ற எனக்கு மனசில்லை. அவ்வளவுதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் படியில் எல்லாரையும் உட்கார வைத்தேன். மேனேஜர் சொன்னதை அப்படியே என் வாயால் சொன்னேன். மேனேஜர் சொன்னார் என்று சொல்லவில்லை. நான் விசாரித்தேன், இதுதான் நமக்கு நல்லது என்று சொன்னேன். அவர்களில் பாதிப் பேருக்கு லெட்டர் எழுதிப் பழக்கமில்லை. நானே எழுதுகிறேன் என்று வெள்ளைத்தாளை வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் என் எழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். பதினோரு தாளிலும் ஒரே வாசகம். குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் தொடர்ந்து பணிக்கு வர இயலவில்லை, ஆகவே எனது சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

எங்களில் மூத்தவள் ஒருத்தி. ஊர் முறையில் எனக்கு மதினி. அவள் புருசன் செத்துப் பல வருசம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது. அவள் தாளை வாங்கிச் சத்தமாக வாசித்தாள்.

"ஏத்தா, எனக்கு என்ன குடும்பம், என்ன சூழ்நிலை? என் குடும்பமும் போயிருச்சு, சூழ்நிலையும் போயிருச்சு. வேற எதாச்சும் நோக்காடுன்னு எழுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும் மதினி என்று சொல்லி அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

ஓரகத்தி கடைசியாக வந்தாள். தாளைப் படிக்கக்கூட இல்லை. பேனாவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லதுதானாக்கா?"

"நான் கெட்டதா சொல்லுவேன்?" என்றேன்.

போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தாள். விடியக் காலையில், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் ஜீப் நிற்கும். ஒரு ஜீப்பில் ஏற்ற வேண்டியதற்கு இரண்டு மடங்கு ஆள் ஏற்றுவார்கள். மலை ஏறும்போது ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார வேண்டும். என்னை மில்லில் வேறு ஊர் வேனுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வேனுக்கும் அதே விலக்கில்தான் நிற்க வேண்டும். நான் நீலக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். எதிர்ப் பக்கம் அவள் கம்பளித் துண்டைத் தலையில் கட்டி நிற்பாள். அங்கன இருந்தே, அக்கா, சாப்புட்டீகளா என்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை குழாயடியில், மில்லுல எப்பக்கா கூப்புடுவாக என்பாள். அடுத்த மாசம் இருக்கும் என்பேன். அந்தப் பதிலை மூன்று மாசம் சொன்னேன்.

நான்காவது மாசம் என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் அன்றைக்கு வரவில்லை. ஆபீஸ் கிளார்க்தான் இருந்தான், என் மகனைவிட நாலைந்து வயது மூத்தவன். கோன் செக்சனையே மூடப் போவதாகச் சொன்னான். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினான்.

"ஒங்களுக்கு வாசகம் தெரியும்ல, நீங்களே எழுதிருவீங்கன்னு சார் சொன்னாரு."

இன்றைக்குப் போனில் அத்தனை பேருக்கும் எழுதாதே எழுதாதே என்று சொல்கிற நான், அன்றைக்கு எழுதினேன். எனக்குத் தெரிந்தே எழுதினேன். சண்டை போட்டிருக்கலாம். போட்டால் அந்தப் பையன், அந்தப் பதினோரு பேருக்கு மட்டும் எப்படி எழுதினீங்க என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவான். அவன் கேட்டிருக்கவே மாட்டான். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பயந்து எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக. எழுத்து எப்போதும் போல அழகாகத்தான் விழுந்தது. கோட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் டிபன் பாக்ஸோடு கிளம்பி, மில் வேன் ரிப்பேர் என்று சொல்லி பஸ் ஏறினேன். பகல் பூராவும் ஒரு பொம்பளை தனியாக உட்கார்ந்திருக்க இடம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் கண்டவனும் பார்ப்பான். கோயிலுக்குப் போனால் சொந்தக்காரர் யாராவது வருவார்கள். நான் கண்டுபிடித்த இடம் அரசு ஆஸ்பத்திரி. அங்கே புற நோயாளி வரிசைக்குப் பக்கத்து பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, வேலை விடுகிற நேரத்துக்குக் கணக்காக வீடு திரும்புவேன். ஒன்பது நாள் இப்படி இருந்தேன். நோயாளிகளுக்கான இடத்தை ஒரு ஆரோக்கியமான முண்டம் அடைத்துக்கொண்டிருந்தது.

பத்தாவது நாள் அந்த மதினி வந்தாள். சர்க்கரை மாத்திரை வாங்க மாசம் ஒரு தடவை அங்கே வருவாளாம், எனக்குத் தெரியாது. என் மடியில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒனக்கும் குடும்பச் சூழ்நிலையா?"

டிபன் பாக்ஸை முந்தானையால் மூடினேன். அவளும் அதற்கு மேல் குத்தவில்லை. மாத்திரைப் பையை முந்தானையில் முடிந்துகொண்டே விசயத்தைச் சொன்னாள். அவர்கள் பதினோரு பேரும் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லாமலே. அவர்களாகவே விலகிவிட்டார்கள் என்று மில்லிலிருந்து பதினோரு லெட்டரையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அதிகாரி அம்மா அவற்றை மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே எழுத்தாக இருக்கிறதே, எழுதியது யார் என்று கேட்டிருக்கிறார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"ஏன் மதினி சொல்லல?"

"ஒன் ஓரகத்திதான். உள்ள போறதுக்கு முன்னாடியே எங்க கையப் பிடிச்சுக்கிட்டா. அக்கா பேரச் சொல்லாதீக, அவுக வேலையும் போயிரும்னு. போற பஸ்ஸு பூராவும் அதே பேச்சு. நீ எங்களுக்கு நல்லது நெனச்சுத்தான் எழுதுனதா அந்தக் கிறுக்கச்சி இன்னும் நம்பிக்கிட்டு இருக்கா."

என் வாழ்க்கையில் என்னைப் பலர் திட்டியிருக்கிறார்கள். மாமியார் திட்டியிருக்கிறாள், மேஸ்திரி திட்டியிருக்கிறான். எதுவும் அன்றைக்கு அந்த பெஞ்சில் கேட்டது போலச் சுட்டதில்லை. அடுத்த விசாரணை வியாழக்கிழமை, அன்றைக்கும் எழுதினது யாருன்னு தெரியலேன்னா மனு நிக்காதுத்தா என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். வா என்று கூப்பிடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மேனேஜர் எனக்குக் கொடுத்த வாக்கு உட்பட. அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, தம்பி பொண்டாட்டிக்கு இது தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். எதிர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பத்து எட்டு வைத்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. ஆபீசில் சொன்னால் போதும், அதிலிருந்து அவளாகத் தெரிந்துகொள்வாள் என்று இருந்துவிட்டேன். நான் செய்ததிலேயே இது இரண்டாவது மோசம்.

வியாழக்கிழமை நான் அந்த அறைக்குள் நுழைந்ததும் ஓரகத்தி எழுந்து பதறிக்கொண்டு வந்தாள். அக்கா, நீங்க எதுக்கு வந்தீக, மில்லுல தெரிஞ்சா என்ன ஆகும் என்று என்னை வாசலுக்குத் தள்ளினாள். எனக்கு வேலை இல்லை, போய்ப் பத்துப் பதினஞ்சு நாள் ஆச்சு என்றேன். அவள் கண் கலங்கியது. எனக்காக. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நேராக மேசைக்குப் போய், அந்த லெட்டரெல்லாம் நான் எழுதியது என்று சொன்னேன்.

மேனேஜரும் வந்திருந்தார். அவர் கொஞ்சமும் அசையவில்லை. எழுதத் தெரியாதவர்களுக்கு இந்தம்மா உதவி செய்திருக்கிறார், அவ்வளவுதானே மேடம் என்றார். அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். அவர்கள் எழுதச் சொல்லிக் கேட்டார்களா, இல்லை வேறு யாராவது எழுதச் சொன்னார்களா என்றார். மேனேஜர் சொன்னார் என்றேன். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை.

"அவர் சொன்னா நீங்க ஏன் எழுதணும்? உங்களுக்கு என்ன சொன்னார்?"

எனக்குப் பின்னால் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"என் வேலை நிக்கும்னு சொன்னாரு."

"எழுதினா அவங்களுக்கு நஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அதிகாரி அம்மா எழுதிக்கொண்டார். நான் சொன்னதை எனக்கே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். போட்டுவிட்டுத் திரும்பினேன். பத்துப் பேர் என்னை முறைத்தார்கள். முறைத்தது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஓரகத்தி மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். மில் இறங்கி வந்தது. அந்தப் பதினோரு பேருக்கும் ஆட்குறைப்பு என்று எழுதி, அதற்கு உண்டானதைக் கொடுத்தார்கள். என் லெட்டரைப் பற்றி நான் மனுக் கொடுக்கவில்லை. நீயும் குடுறீ, அந்தாளை விடாதே என்று மதினிகூடச் சொன்னாள். எந்த மூஞ்சியோடு கொடுக்க? விளைவு தெரியும் என்று அதே மேசையில் சொல்லிவிட்டு வந்தவள் நான். இப்போது திராட்சைத் தோட்டத்தில் கொடியை வெட்டிவிடுகிற கவாத்து வேலைக்கும் குலை வெட்டவும் போகிறேன். அந்த வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. கேவலம் அதற்கு முன்னால் நடந்தது.

அன்றைக்கு, அந்த வியாழக்கிழமை, வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அவர்கள் ஒரு கூட்டமாக நிழலில் நின்றார்கள். நான் தள்ளி வெயிலில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓரகத்தி தனியாக என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"என் வேலைக்காக எழுதிக் குடுடின்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேன்கா. யோசிச்சிருக்கவே மாட்டேன். எதுக்கு என் நல்லதுக்குன்னு சொன்னீக?"

நான் உண்மையைச் சொன்னேன். அந்தக் கையெழுத்தைப் பற்றி அவளிடம் நேராகச் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சு."

அவள் யோசித்தாள்.

"சொல்லியிருப்பேனா இருக்கும்" என்றாள். "அத நான்ல சொல்லணும்."

பஸ் வந்தது. அவர்கள் ஏறி உட்கார்ந்தார்கள். எனக்கு இடம் இருந்தது. தேவாரம் வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். உட்காருங்க என்று அவளும் சொல்லவில்லை.